செல்போன் டவர் நின்றுபோனால் யார் பேசுவது? கடலோர ஊருக்கு ஒரு ஹாம் ரேடியோ: என்ன வேண்டும், எப்படி அமைப்பது?

வடகிழக்குப் பருவமழை நேரத்தில் புயல் எச்சரிக்கை வந்தால், ராமநாதபுரம் கடற்கரையில் முதலில் நடப்பது வீட்டில் உள்ள எல்லா செல்போனையும் சார்ஜில் போடுவதுதான். கரண்ட் போனாலும் போன் இருக்கும் என்று ஒரு தைரியம். ஆனால் செல்போன் டவரும் கரண்டில்தான் ஓடுகிறது. கரண்ட் போனால் அதன் பேட்டரி சில மணி நேரம் தாங்கும், பிறகு டீசல் ஜெனரேட்டர். டீசல் வரும் சாலையில் மரம் விழுந்து கிடந்தால் அதுவும் நின்றுவிடும். 2018 நவம்பரில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது டெல்டா கிராமங்கள் பல நாட்கள் இப்படித்தான் கிடந்தன.

கடலாடி வட்டத்தில் மன்னார் வளைகுடாவை ஒட்டியிருக்கும் வாலிநோக்கம் போன்ற ஊரை நினைத்துப் பாருங்கள். மூன்று பக்கமும் உப்பளம், மீன்பிடித் துறை, கடல். மாவட்டத் தலைநகர் நேர்கோட்டில் சுமார் 30 கி.மீ. தள்ளி. இங்கிருந்து "இத்தனை பேர் சிக்கியிருக்கிறோம், இன்ன மருந்து வேண்டும்" என்று ஒரு வரிச் செய்தியை, டவர் இல்லாமல், இன்டர்நெட் இல்லாமல், மின்வாரியக் கரண்ட் இல்லாமல் வெளியே அனுப்ப என்ன வழி? ஹாம் ரேடியோ எனப்படும் அமெச்சூர் வானொலி அதில் ஒன்று. அதற்கு ஆகும் பொருள்களில் பாதி கடற்கரை வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது.

செய்தி வராமல் போனால் என்ன ஆகும்?

இந்தக் கடற்கரைக்கு அது தெரிந்த கதைதான். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் தனுஷ்கோடியைப் புயல் அழித்தது. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயில் கடலில் அடித்துச் செல்லப்பட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பாம்பன் பாலம் சிதைந்தது, தந்திக் கம்பிகள் அறுந்தன. ரயிலுக்கு என்ன ஆனது என்பது வெளியே உறுதியாகத் தெரியவே ஒரு நாளுக்கு மேல் ஆனது.

நாற்பது ஆண்டுகள் கழித்து, 2004 டிசம்பர் 26. ஹைதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத், அந்தமானிலிருந்து ஒலிபரப்ப அபூர்வமாகக் கிடைத்த அனுமதியுடன் குழுவோடு போர்ட் பிளேரில் இருந்தார். உலகம் முழுக்க உள்ள ஹாம்களோடு பேசுவதுதான் போன வேலை. நிலம் ஆடி, சுனாமி வந்து, தொலைபேசித் தொடர்பு அறுந்ததும் அதே கருவிகள் நிவாரணத் தகவலுக்குத் திரும்பின. தீவில் இருப்பவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று தவித்த குடும்பங்களுக்குச் செய்திகள் அந்த அலைவரிசை வழியாகப் போயின. அதே நாட்களில் இலங்கையில், ரேடியோ சொசைட்டி ஆஃப் ஸ்ரீலங்காவின் விக்டர் குணதிலக தலைமையிலான ஹாம்கள் பேட்டரியில் ஓடும் சிற்றலைக் கருவிகளை அம்பாந்தோட்டைக்குக் கொண்டுபோய், கொழும்புடன் தொடர்பை ஏற்படுத்தினார்கள்.

இரண்டு இடத்திலும் நடந்ததைக் கவனியுங்கள். கருவி, ஆன்டெனா, பேட்டரி, பழகிய ஆள் எல்லாம் முன்கூட்டியே தயாராக இருந்தன. புயல் வந்த பிறகு கடைக்குப் போய் வாங்குகிற பொருள் இல்லை இது.

படகில் இருக்கிற வயர்லெஸ்தானே இது?

இல்லை. விசைப்படகுகளில் இருப்பது கடல்சார் வி.எச்.எஃப். அதன் அவசர அழைப்புக்கு 16-ஆம் சேனல், 156.8 மெகாஹெர்ட்ஸ். ஹாம்களுக்கு இந்தியாவில் ஒதுக்கப்பட்ட பகுதிகள் வேறு. அதிகம் புழங்குவது 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான 40 மீட்டர் பட்டையும், 144 முதல் 146 வரையிலான 2 மீட்டர் பட்டையும். ஹாம் உரிமம் இருக்கிறது என்பதற்காகப் படகுச் சேனலில் பேசக் கூடாது. படகுக்காரரும் ஹாம் பட்டையில் பேசக் கூடாது. கடலில் ஆபத்து என்றால் முதல் வழி 16-ஆம் சேனல். போன் எடுத்தால் கடலோரக் காவல் படைக்கு 1554, தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093.

கையடக்க வாக்கி டாக்கி எவ்வளவு தூரம் போகும்?

"5 கி.மீ. போகும், 10 கி.மீ. போகும்" என்று பெட்டியில் அச்சடித்திருப்பார்கள். வி.எச்.எஃப். அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும், பூமி வளைவுக்குக் கீழே இறங்கினால் கிடைக்காது. ஆகவே திறனைவிட உயரம்தான் முக்கியம். ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1-ஆல் பெருக்கினால் அதன் வானொலி அடிவானம் கி.மீ.-இல் வரும். கரையில் நின்று கையில் பிடித்த கருவி ஒன்றரை மீட்டர் உயரம் என்றால் அடிவானம் 5 கி.மீ. எதிரில் இருப்பவரும் அப்படியே நின்றால் இரண்டும் சேர்த்து 10.

வாலிநோக்கத்திலிருந்து ராமநாதபுரத்தை எட்ட இந்தப் பக்கம் 10 மீட்டர் உயரத்தில் ஓர் ஆன்டெனா (13 கி.மீ.), அந்தப் பக்கம் 17 மீட்டர் உயரத்தில் ஒன்று (17 கி.மீ.) இருந்தால் கணக்கு சரியாக வரும். மொட்டைமாடியில் 6 மீட்டர் ஜி.ஐ. பைப் நட்டால் நம் பக்கம் முடிந்தது. நகரத்தில் உயரமான கட்டடம் ஒன்று கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். 5 வாட் கைக்கருவியே போதும், ஆனால் அதன் ரப்பர் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு மேலே உள்ள ஆன்டெனாவோடு கேபிளால் இணைக்க வேண்டும்.

அந்தக் கேபிளில்தான் பலர் காசு மிச்சம் பிடிக்கிறார்கள். ஆர்.ஜி-58 என்ற மெல்லிய கேபிள் 20 மீட்டர் இழுத்தால், 145 மெகாஹெர்ட்ஸில் நீங்கள் கொடுக்கும் 5 வாட்டில் ஏறக்குறைய 2 வாட்தான் மேலே போய்ச் சேரும். மிச்சம் கேபிளிலேயே சூடாகப் போய்விடும். தடிமனான ஆர்.ஜி-213 என்றால் ஏறக்குறைய மூன்றரை வாட் போய்ச் சேரும். கருவிக்குச் செலவழிப்பதில் ஒரு பங்கைக் கேபிளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கடற்கரைக்கே உரிய ஒரு வேடிக்கையும் உண்டு. காற்று அடங்கிய சில நேரங்களில் கடலுக்கு மேலே வெப்பக் காற்றும் குளிர்ந்த காற்றும் அடுக்காக நின்று, அலைகளைக் குழாயில் போவதுபோல் வளைத்துக் கொண்டுபோகும். இலங்கை எஃப்.எம். நிலையங்கள் இங்கே துல்லியமாகக் கேட்பதற்கு அது ஒரு காரணம். ஹாம் பட்டையிலும் அப்படித்தான். ராமநாதபுரம் கிடைக்காத நேரத்தில் 4எஸ்7 என்று தொடங்கும் இலங்கை அழைப்புக் குறி கிடைக்கலாம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் புயல் காற்றில் அந்த அடுக்கெல்லாம் கலைந்துவிடும், அதை நம்பித் திட்டம் போட முடியாது.

பனைமரத்தில் ஒரு கம்பி

நம்பிக்கையான வழி 7 மெகாஹெர்ட்ஸ். இதற்கு உயரமான கோபுரம் வேண்டாம். சொல்லப்போனால் உயரம் கூடாது.

7 மெகாஹெர்ட்ஸ் அலை நேர் மேலே போனால், பல நூறு கி.மீ. உயரத்தில் உள்ள அயனி மண்டலத்தில் பட்டு, குடையைப் போல் சுற்றிலும் மூந்நூறு, நானூறு கி.மீ. வட்டத்துக்குள் இறங்கும். ஆன்டெனாவை உயரே கட்டினால் அலை சாய்வாகப் போய்ப் பக்கத்து ஊர்களைத் தாண்டி எங்கோ விழும். துபாய் கேட்கும், மதுரை கேட்காது. 4, 5 மீட்டர் உயரத்தில் கட்டினால் அலை மேலேதான் போகும். வாலிநோக்கத்திலிருந்து மதுரை நேர்கோட்டில் சுமார் 100 கி.மீ., சென்னை சுமார் 470. பகல் நேரத்தில் மதுரை, நெல்லை, திருச்சி எல்லாம் இந்த வட்டத்துக்குள் வசதியாக விழும். சென்னையும் பெரும்பாலும் கிடைக்கும். தென்முனைத் தமிழகம் பூமியின் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் நம் தலைக்கு மேல் அயனி மண்டலம் அடர்த்தியானது. தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் வைத்ததே அந்தக் காரணத்தால்தான். நள்ளிரவுக்கு மேல் 7 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து ஊர்களைக் கைவிட்டால் 3.5 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்க வேண்டும். அதற்குக் கம்பி இரண்டு மடங்கு நீளம்.

செய்முறை எளிது. 143-ஐ அலைவரிசையால் வகுத்தால் கம்பியின் மொத்த நீளம் மீட்டரில் கிடைக்கும். 7.1 என்றால் ஏறத்தாழ 20 மீட்டர். அதை நடுவில் வெட்டி, பக்கத்துக்கு 10 மீட்டராக, கேபிளின் நடுக்கம்பியை ஒரு பக்கமும் வலையை மறுபக்கமும் இணைத்தால் டைபோல் ஆன்டெனா தயார். முதலில் பக்கத்துக்கு 40 சென்டிமீட்டர் கூடுதலாக விட்டு வெட்டுங்கள். எஸ்.டபிள்யு.ஆர். மீட்டரில் பார்த்துப் பார்த்து இரண்டு பக்கமும் சமமாகக் கத்தரித்து, 1.5-க்குக் கீழே கொண்டுவந்தால் போதும். 1.1 வரட்டும் என்று நாள் முழுக்கக் கத்தரிக்கொண்டிருக்க வேண்டாம். இணைப்புக்குக் கொஞ்சம் கீழே கேபிளையே எட்டு, பத்துச் சுற்றாகச் சுருட்டிக் கட்டினால், அலை கேபிள் வழியே வீட்டுக்குள் இறங்கி வருவது குறையும்.

இரண்டு பனைமரம் இருந்தால் கம்பம் செலவில்லை. ஆனால் பனை ஆடும். இரண்டு முனையையும் இறுக்கிக் கட்டினால் முதல் காற்றிலேயே கம்பி அறுந்துவிடும். ஒரு முனையில் கப்பி மாட்டி, கயிற்றின் நுனியில் மணல் நிரப்பிய கேனைத் தொங்கவிடுங்கள். மரம் ஆட ஆட கேன் ஏறி இறங்கும், கம்பி பிழைக்கும். கயிறு விஷயத்தில் வலைக்காரர்களைக் கேட்டாலே போதும், வெயிலுக்கும் உப்புக்கும் எது தாங்கும் என்று அவர்களுக்குத் தெரியாததா? ஒன்றே ஒன்று: மின்கம்பி போகும் இடத்துக்குக் கிட்டேகூடக் கயிறு வீசாதீர்கள். ஆன்டெனா அறுந்து விழுந்தாலும் மின்கம்பியில் படாத இடமாக இருக்க வேண்டும்.

கருவி? கடையில் கிடைக்கும் 100 வாட் செட் விலை அதிகம். ஹைதராபாத்தைச் சேர்ந்த ஹாம் அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் வகைக் கருவிகள், குறைந்த செலவில் வீட்டிலேயே கட்டிக்கொள்வதற்காகவே உருவாக்கப்பட்டவை. பல நாடுகளில் அதைக் கட்டுகிறார்கள். அதில் 7 மெகாஹெர்ட்ஸில் 7 வாட் மட்டுமே வரும் பிட்எக்ஸ்40 கூட, சரியான கம்பியோடு பகலில் தமிழகத்துக்குள் பேசப் போதும்.

தூர நாடுகளோடு பேச ஆசை இருந்தால் கடலே உதவும். உப்புநீர் நல்ல மின்கடத்தி. 14 மெகாஹெர்ட்ஸுக்கு 5 மீட்டர் நிமிர்த்திய கம்பியை நீரோரமாக நட்டால், உள்நாட்டில் கோபுரம் கட்டியவருக்குப் போட்டியாகச் சிங்கப்பூரும் வளைகுடாவும் கேட்கும்.

உப்புக் காற்றுதான் உண்மையான எதிரி

புத்தகங்களில் ஆன்டெனா கட்டுவதைப் பற்றி அத்தியாயம் அத்தியாயமாக இருக்கும், அதைக் காப்பாற்றுவது பற்றி ஒரு பத்தி இருக்கும். வாலிநோக்கம் பகுதியில் தமிழ்நாடு உப்பு நிறுவனமே ஆயிரக்கணக்கான ஏக்கரில் உப்பளம் நடத்துகிறது. இந்தக் காற்றில் திறந்து கிடக்கும் செம்பு பச்சை பூக்கும், இரும்பு பொரியும். கேபிளின் முனை மூடப்படாமல் இருந்தால், விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது மாதிரி அதன் செப்பு வலை ஈரத்தை மீட்டர் கணக்கில் உள்ளே இழுத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் கேபிள் புதுசாகவே தெரியும்.

மேலே உள்ள ஒவ்வொரு இணைப்பையும் முதலில் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் இழுத்துச் சுற்றி, அதன் மேல் வெயில் தாங்கும் பி.வி.சி. டேப்பைக் கீழிருந்து மேலாக, ஓடு வேய்ந்த மாதிரிச் சுற்றுங்கள். சாதாரண கரண்ட் டேப் மட்டும் சுற்றினால் ஒரு கோடையில் பிசின் உருகிப் பிரிந்துவிடும். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்துக்கு முன்னால் கீழே ஒரு வளைவு தொங்க வேண்டும், அப்போதுதான் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். அலுமினியத்தையும் செம்பையும் நேராகத் தொடவிட்டால் உப்பு ஈரத்தில் அலுமினியம் அரித்துப்போகும். இடையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாஷர் போடுங்கள், கொஞ்சம் கிரீஸும். கருவியை ஜன்னலோரம் வைக்க வேண்டாம். உள்ளிருக்கும் விசிறி உப்புக் காற்றை நேராக இழுத்து சர்க்யூட் போர்டில் படிய வைக்கும். பேசாத நேரத்தில் மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இருக்கட்டும்.

மாதம் ஒருமுறை எஸ்.டபிள்யு.ஆர். பார்த்து எழுதி வையுங்கள். அளவு கூடினால் இணைப்பில் கோளாறு என்று எல்லோருக்கும் தெரியும். நீங்கள் எதுவும் செய்யாமலே அளவு குறைந்து அழகாகிக்கொண்டே வந்தால் அதிகம் கவலைப்படுங்கள். உப்பு ஏறிய கேபிள் போகிற திறனையும் திரும்பி வருகிற திறனையும் தானே விழுங்கிவிடுவதால், மீட்டரில் எல்லாம் பிரமாதமாகத் தெரியும். காற்றில் மட்டும் உங்கள் குரல் இருக்காது.

இடி மின்னல் காலத்தில் கேபிளைக் கருவியிலிருந்து கழற்றி வெளியே விட்டுவிடுவதுதான் ஆகச் சிறந்த பாதுகாப்பு.

கரண்ட் எங்கிருந்து?

வீட்டு இன்வெர்ட்டரின் அடியில் இருக்கும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரி. ஹாம் செட்டுகளும் 12 வோல்ட் வகைதான். இன்வெர்ட்டரின் 230 வோல்ட் பிளக்கில் மாட்டாமல், பேட்டரி முனையிலிருந்தே தடித்த வயரில், முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போட்டு எடுங்கள். மலிவான இன்வெர்ட்டர் போடும் இரைச்சல் ரேடியோவில் புகுந்து, கேட்க வேண்டிய மெல்லிய குரலை அமுக்கிவிடும்.

100 வாட் செட் சும்மா கேட்டுக்கொண்டிருக்க மணிக்கு ஏறத்தாழ 1 ஆம்பியர். பேசும்போது உச்சத்தில் 20, சராசரியாகப் பாதி. ஒரு நாள் முழுக்கக் கேட்டு, மொத்தமாக ஒரு மணி நேரம் பேசினால் 34 ஆம்பியர்-ஹவர் செலவு. பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்காமல் இரண்டு நாள் தாங்கும். புயலின்போது ஃபேனும் டிவியும் அதே பேட்டரியில் ஓடினால் இந்தக் கணக்கு மறுநாள் காலையிலேயே முடிந்துவிடும். ஒரு சோலார் பேனல் இருந்தால் நிம்மதி, புயலுக்கு முன் அதைக் கழற்றி வீட்டுக்குள் வைக்க நினைவிருந்தால்.

ஆன்லைனில் வாங்கிப் பேசலாமா?

கூடாது. ஹாம் கருவியில் பேச மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யு.பி.சி. பிரிவு தரும் உரிமம் வேண்டும். 12 வயது நிரம்பினாலே விண்ணப்பிக்கலாம். அடிப்படை மின்னணுவியல், வானொலி விதிமுறைகள் இரண்டிலும் தேர்வு. ரெஸ்ட்ரிக்டட் பிரிவுக்கு மோர்ஸ் தேவையில்லை, அழைப்புக் குறி வி.யு.3 என்று தொடங்கும், திறன் 50 வாட் வரை. நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ் தெரிந்தால் ஜெனரல் பிரிவு, வி.யு.2, 400 வாட் வரை. (ராஜீவ் காந்தியின் குறி வி.யு.2 ஆர்.ஜி.) 20 ஆண்டு உரிமத்துக்கு 1,000 ரூபாய், ஆயுள் உரிமத்துக்கு 2,000 ரூபாய். விண்ணப்பம் 'சரள் சஞ்சார்' இணையதளத்தில். விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால் விண்ணப்பிக்கும் முன் அங்கே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

உரிம விவரம் சொல்லாமல் வாக்கி டாக்கி விற்றதற்காக 2025-இல் ஆன்லைன் விற்பனைத் தளங்கள் பலவற்றுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. "அவங்க விக்கிறாங்க, நான் வாங்கினேன்" என்பது காவல் நிலையத்தில் எடுபடாது. இந்தக் கரையில் அது கூடுதல் உண்மை. 1986 நவம்பரில் விடுதலைப் புலிகளின் வயர்லெஸ் கருவிகளைத் தமிழகக் காவல்துறை பறிமுதல் செய்ததும், அவற்றைத் திருப்பித் தரக் கேட்டு பிரபாகரன் சென்னையில் உண்ணாவிரதம் இருந்ததும் பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். ராமநாதபுரம் கடற்கரையில் வீட்டு மேல் கம்பி கட்டினால் நாலு பேர் கேட்பார்கள், கேட்க வேண்டிய ஊர்தான். உரிமத்தின் நகலைக் கருவியோடு வையுங்கள். உரிமத்தில் எழுதிய முகவரியிலேயே நிலையத்தை அமையுங்கள். உள்ளூர்க் காவல் நிலையத்தில் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். பாட்டுப் போடுவது, மீன் விலை பேசுவது மாதிரி வியாபாரப் பேச்சு எதற்கும் அனுமதி இல்லை. மூன்றாம் நபருக்கான செய்திகளை அனுப்புவதும் பேரிடர் நேரத்தில், அரசு அதிகாரிகள் கேட்டுக்கொண்டால்தான். அதனால் புயலுக்கு முன்பே தாசில்தார் அலுவலகத்துக்கு உங்களைத் தெரிந்திருக்க வேண்டும்.

மைக்கைப் பிடித்த பிறகு

கருவி வாங்கியவர்களில் பலர் மைக்கைப் பிடித்ததும் பேச்சு வராமல் நிற்பார்கள். காலையில் 7 மெகாஹெர்ட்ஸில் 'நெட்' எனப்படும் கூட்டு உரையாடல்கள் நடக்கும், தமிழிலேயே பேசுகிறவர்கள் உண்டு. சில வாரம் கேளுங்கள், உரிமம் வந்ததும் தினமும் ஒரு முறை குரல் கொடுங்கள். தினமும் பேசுகிறவரின் குரல் ஒருநாள் வராவிட்டால் மற்றவர்கள் தேடுவார்கள்.

அவசரச் செய்தியை முதலில் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்த ஊர், எத்தனை மணி, என்ன நடந்தது, எத்தனை பேர், என்ன வேண்டும். இரைச்சலில் "ஆறு பேர்" என்பதும் "நூறு பேர்" என்பதும் ஒன்றுபோலவே காதில் விழும். ஆகவே நூறு என்றால் "ஒன்று, பூஜ்யம், பூஜ்யம்" என்று எண்ணெண்ணாகச் சொல்லுங்கள். கீழக்கரையும் கீழக்கிடாரமும் குழம்பும் என்று தோன்றினால் எழுத்துக் கூட்டிச் சொல்லுங்கள். எதிரில் இருப்பவர் முழுச் செய்தியையும் திருப்பிப் படித்துக் காட்டட்டும். அவர் சொன்னது தாளில் உள்ளதோடு ஒத்துப்போனால், நேரத்தையும் அவருடைய அழைப்புக் குறியையும் லாக் புத்தகத்தில் எழுதிவிட்டு அடுத்த தாளை எடுங்கள்.